இரவலுக்குப் போன கை

ராக்கம்மாவை இரண்டு பழைய மீன்வலைக்கு மாற்றிக்கொண்ட சங்கதி ராக்கம்மாவுக்குத்தான் கடைசியாகத் தெரியவந்தது. பாப்பாமோட்டையில் பாதிப் பேர் அதைக் காலைத் தேத்தண்ணீரோடு பேசி முடித்துவிட்டார்கள். அவள் மட்டும் விடியப்புறமே எழும்பிப் போய், கச்சான் தோட்டத்துக் காவல் கொட்டிலில் மடி நிறையக் கல்லோடு உட்கார்ந்திருந்தாள்.

மாசி மாதம். கச்சான் பிடுங்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. மண்ணுக்குள் நிலக்கடலை முற்றுவது மயிலுக்கு எப்படித்தான் தெரியுமோ, காட்டுக்கரையிலிருந்து கூட்டமாக இறங்கிக் காலால் கிளறத் தொடங்கினால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாத்தி வெறுங்கோதாகிவிடும். போன வருடம் ராக்கம்மா காய்ச்சலில் ஒரே ஒரு நாள் படுத்தாள். அந்த ஒரு நாளில் மூலைப் பாத்தி முழுதும் போனது. இந்த வருடம் காய்ச்சல் வந்தாலும் கொட்டிலில்தான் படுப்பது என்று முடிவெடுத்திருந்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில் வரம்பால் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் அவள் புருசன் அழகையா. ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். மைதானத்துக்குப் பக்கத்தில் காணி இருப்பதைத் தவிர அதற்கு அவரிடம் வேறு தகுதி எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் கழகத்தின் செயலாளர் துஷ்யந்தி, பாலர் பாடசாலை ரீச்சர். மூன்றாவது ஆளை ராக்கம்மா கண்டதில்லை. நெடுத்த பெண், கறுத்துக் காய்ந்த முகம், கழுத்தில் சிறிய சிலுவை, தலையில் ஆண்பிள்ளைத் தொப்பி.

“மாமி, கோவிக்காதேங்கோ,” என்று துஷ்யந்தி தொடங்கினாள். கோபப்படும்படி ஏதோ செய்திருக்கிறார்கள் என்று ராக்கம்மாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“என்ன பிள்ளை?”

“எங்கட பொம்பிளைப் பிள்ளையளின்ர எல்லே ரீமைப் பதியிறதுக்குப் பதினாலு பேற்ற பேர் வேணும் எண்டாங்கள். எங்களிட்டப் பதின்மூண்டுதான் இருந்தது. அதால உங்கட பேரையும் போட்டனான்.”

“என்ர பேரையோ?”

“போன மாசம் அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி வாங்கினனானெல்லோ, அது இதுக்குத்தான்.”

ராக்கம்மா அந்தக் கொப்பி பசளை மானியத்துக்கு என்றல்லவா நினைத்திருந்தாள். நாற்பத்தேழு வயதில், இரண்டு பிள்ளையைக் கட்டிக்கொடுத்த பிறகு, தான் ஒரு விளையாட்டு வீராங்கனை என்பது அவளுக்கு அந்த வரம்பில் வைத்துத்தான் தெரிகிறது!

எல்லே தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தடியால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றி நட்ட கம்புகளைக் கடந்து ஓடி வரவேண்டும். ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் நடுவில் ஓடும்போது எதிரணி எறிகிற பந்து உடம்பில் பட்டால் ஆள் அவுட். பாப்பாமோட்டைப் பெண்கள் மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிவிட்டார்கள். தாழ்வுபாட்டுக் கரையின் பெண்கள் அரையிறுதிக்குப் போயிருந்தார்கள். அங்கேதான் சிக்கல் வந்தது. அவர்களுடைய கெட்டிக்கார எறிகாரி மதுஷிகா, தகப்பனின் வலையைக் கரைக்கு இழுக்கத் தண்ணீருக்குள் இறங்கி, மணலுக்குள் படுத்திருந்த திருக்கையை மிதித்துவிட்டாள். முள் பாதத்தில் ஏறிவிட்டது. ஆறு கிழமைக்குக் கால் ஊன்றக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

காயப்பட்டவருக்குப் பதிலாக, தோற்றுப்போன அணி ஒன்றிலிருந்து ஓர் ஆளை இரவல் எடுக்கலாம் என்று போட்டிச் சட்டம் சொன்னது. ஆனால் அந்த ஆள் இந்தப் போட்டியில் ஒரு முறையாவது மைதானத்தில் இறங்கியவராக இருக்கக் கூடாது. மற்றக் கழகங்கள் தங்கள் பட்டியலில் இருந்த எல்லாரையும் இறக்கிவிட்டன. மாவட்டத்திலேயே பெயர் பதிந்தும் மைதானத்து மண்ணை மிதிக்காத ஒரே பெண் ராக்கம்மாதான்.

தொப்பிக்காரி பெற்றிசியா தாழ்வுபாட்டு அணியின் தலைவி. கருவாட்டு வாடியில் வேலை. முதல்நாள் போனில் கதைத்தபோது ராக்கம்மாவின் வயதைக் கேட்டதும் வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். அழகையா விடவில்லை. “வந்து அவ கல்லெறியுறதப் பாருங்க, பார்த்துட்டுப் பேசுங்க” என்றிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, கச்சான் காணியைச் சுற்றி அடைக்கிற அளவுக்குப் பழைய வலையும் கேட்டிருக்கிறார். கடலுக்கு உதவாத வலை கரையில் சும்மா கிடக்கும், காணிக்காரனுக்கு அது வேலி. ஆள் இரண்டு ஆட்டத்துக்கு, வலை என்றைக்கும். ஆள் இடையில் நின்றால் வலையும் திரும்பிப் போகவேண்டும். ராக்கம்மாவைப் பார்க்க முன்பே வலை ஓட்டோவிலிருந்து அவள் வீட்டு முற்றத்தில் இறங்கிவிட்டது.

“என்னயக் குடுத்து வலை வாங்கினீங்களா?” என்றாள் ராக்கம்மா. மற்றவர்களோடு பேசும்போது அவளுக்கு வன்னித் தமிழ்தான் வரும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவளை வயிற்றில் சுமந்துகொண்டு தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவள் அவளுடைய தாய். அந்தத் தாயின் தமிழ் வீட்டுக்குள்ளேயும், ஏதாவது தூக்கிவாரிப் போடுகிறபோதும் மட்டும் வெளியே வரும்.

“ஏ புள்ள, ரெண்டே ரெண்டு ஞாயித்துக்கெழமை. வலை வந்துட்டா நீ இந்த வெயில்ல கெடந்து சாகவேணாமே,” என்றார் அழகையா.

அதில் உண்மை இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. காவலுக்கு இருக்கிற நாளில் கூலி வேலைக்குப் போகமுடியாது. பகல் முழுதும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட வீட்டுக்கு ஓடமுடியாது. அவள் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் அந்தக் கோடியில் ஒரு மயில் இறங்கியது. ராக்கம்மா எழும்பவும் இல்லை, குறிபார்க்கவும் இல்லை. மடியில் கைவிட்டு ஒரு கல்லை எடுத்து வீசினாள். எழுபது அடி தூரத்தில் மயிலின் அலகுக்கு ஒரு சாண் பக்கத்தில் மண் பறந்தது. மயில் திரும்பி ஓடிவிட்டது.

பெற்றிசியா வாயைத் திறந்தபடி நின்றாள்.

“மாதாவாணை, மயிரிழையில தப்பீட்டுது!” என்றாள். “அக்கா, நீங்கள் வாறியள். நான் வேற ஒருத்தரையும் தேடமாட்டன்.”

மயிரிழையில் தப்பவில்லை. தப்பவைக்கப்பட்டது. அதைச் சொல்ல ராக்கம்மாவுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. தன்னை விலைபேசியது நெஞ்சில் முள்ளாக நிற்கும்போது யாருக்குத்தான் எறியின் சூட்சுமத்தை விளக்கத் தோன்றும்?

அந்தச் சாணுக்கு ஒரு கதை இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் சண்டை துரத்த, ஊரோடு சேர்ந்து அவர்களும் வடக்கே நடந்தார்கள். வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட ஒரு பனையடியில் ராக்கம்மா சாய்ந்து உட்கார்ந்து சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ வந்த செல்லின் துண்டு ஒன்று காதோரமாகச் சீறிக்கொண்டு போய்ப் பனையில் குத்தி நின்றது. தலைக்கும் அந்தத் துண்டுக்கும் எவ்வளவு இடம் என்று கையை விரித்து அளந்தாள். சரியாக ஒரு சாண். பக்கத்திலிருந்தவர்கள் இழுத்துக்கொண்டு ஓடும்வரைக்கும் விரித்த கையைப் பனையிலிருந்து எடுக்காமலே இருந்தாள்.

அவளைப் பொறுத்தவரை அந்த ஒரு சாணுக்குள் இருந்தது முருகன். திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கி முதல் தரம் கச்சான் போட்டபோது, அழகையா மயிலுக்குக் கல்லடிக்க ரப்பர் கட்டிய கெற்றப்போல் செய்து கொடுத்தார். அவள் அதை அடுப்பில் வைத்தாள். மயிலைக் காயப்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியும். “எனக்குக் கெடச்ச ஒரு சாண அதுக்கும் குடுக்கணும்” என்றாள், அவ்வளவுதான். பதினைந்து வருடமாக அவள் எறிந்த கல் ஒவ்வொன்றும் மயிலுக்கு ஒரு சாண் தள்ளியே விழுந்தது. பயந்து பறக்க அது போதும். கையும் அப்படியே படிந்துவிட்டது. கண் மயிலைப் பார்க்கும், கை ஒரு சாண் தள்ளி எறியும். இப்போது அவள் நினைத்துச் செய்வதில்லை. கைக்கே தெரியும்.

வலை வேலி ஏறிய அன்று பின்னேரமே அவளைத் தாழ்வுபாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கடற்கரையை ஒட்டிய மைதானம். மதுஷிகாவின் ஏழாம் இலக்க ரீசேட்டைச் சட்டைக்கு மேலால் போட்டுவிட்டார்கள். அது இறுக்கமாக இருந்தது. பெண்பிள்ளைகள் வாய்க்குள் சிரித்தார்கள். பெற்றிசியா மட்டும், “இப்ப பாருங்கோ” என்று பந்தை அவள் கையில் கொடுத்து ஒருத்தியை ஓடவிட்டாள்.

பந்து ஓடுகிறவளின் தோளை ஒரு சாண் விலகிப் போனது.

இரண்டாவது பந்தும் போனது. மூன்றாவது முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால். பத்தாவது பந்து போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. இருபதாவதுக்குப் பிறகு பெற்றிசியாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடுகிறவள் எந்தப் பக்கம் திரும்பினாலும், எவ்வளவு வேகமாக ஓடினாலும், பந்து அளந்து வைத்ததுபோல அதே தூரத்தில் போனது. குறி தப்புகிறவள் கொஞ்சம் கூடவோ குறையவோ தப்புவாள். இது தப்பவே தப்பாத தப்பு!

கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த மதுஷிகா, “என்ரி, எனக்கு எறியுங்கோ. நான் அசையவே மாட்டன்,” என்றாள். எட்டடி தூரத்தில் நின்று எறிந்தாள் ராக்கம்மா. பந்து மதுஷிகாவின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து கடலுக்குள் விழுந்தது.

பெற்றிசியா அவளைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் வள்ளம் ஒன்றின் நிழலில் இருத்தினாள். “என்னக்கா இது? உண்மையைச் சொல்லுங்கோ.”

ராக்கம்மா சொன்னாள். பனை, செல்லுத் துண்டு, சாண் எல்லாம் சொன்னாள். பெற்றிசியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கரைக்காரிக்கு அது விளங்காத கதை இல்லை.

“அக்கா, நான் உங்களை ஒருத்தரையும் காயப்படுத்தச் சொல்லேல்லை. இது ரெனிஸ் பந்து. பட்டால் எறும்பு கடிச்ச மாதிரிக்கூட இராது. பட்டவளே சிரிப்பாள். வடிவா யோசியுங்கோ,” என்றாள் கடைசியில்.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. கைக்கு அது தெரியாது.”

“வலையும் தந்திட்டன் அக்கா. வாடிக்காரரிட்ட மன்றாடி எடுத்துத் தந்தனான். பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுவன்?”

ராக்கம்மா நாலு நாள் தொடர்ந்து போனாள். நாலு நாளும் ஒரு சாண்தான். ஆனால் அந்த நாலு நாளும் கச்சான் காணியில் ஒரு மயிலும் இறங்கவில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுப் போய்விட்டன. அழகையா சாக்குக்கட்டிலில் பகல் நித்திரை கொண்டார். ராக்கம்மா மத்தியானச் சாப்பாட்டை வீட்டில் இருந்து சாப்பிட்டாள். இத்தனை வருடத்தில் மாசி மாதத்தில் அது அவளுக்கு முதல் தரம். வலை போய்விடக் கூடாது என்ற ஆசை அப்போதுதான் அவளுக்குள்ளும் வந்தது, பொய் சொல்வானேன்.

அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை மன்னார் நகரத்து மைதானத்தில். எதிரணி நானாட்டான். தாழ்வுபாட்டுக்காரர் பூசை முடித்த கையோடு இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். ராக்கம்மாவின் முறை வந்தபோது தடியை மூன்று தரம் வீசி மூன்று தரமும் காற்றை அடித்தாள். அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அவளை வாங்கியது எறிவதற்கு.

நானாட்டான் அடிக்க இறங்கியது. முதல் பந்து ராக்கம்மாவின் கைக்கு வந்தபோது ஓடுகிறவள் பத்தடி தூரத்தில் இருந்தாள். எறிந்தாள். ஒரு சாண். அடுத்ததும் ஒரு சாண். மூன்றாவதும் நாலாவதும் அதே. ஓட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. பெற்றிசியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் நல்ல உரத்து வந்தது. “ஐயோ எங்கட வலை! வலையைக் குடுத்து ஒரு கூலிக்காரியை வாங்கி வந்திருக்கினம், பாருங்கோ!”

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கூலிக்காரி என்ற சொல் ராக்கம்மாவுக்குப் புதிதல்ல. அவள் கூலி வேலைதான் செய்கிறாள், அதில் வெட்கமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லோடு வந்த சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். தாய் கேட்ட சிரிப்பு, அகதி முகாமில் வரிசையில் நின்றபோது கேட்ட சிரிப்பு. உச்சிவரைக்கும் ஏறிய கோபத்தில் கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளைக்குள் ஒருத்தி ஓடினாள். பந்து கையில் இருந்தது.

‘தப்’ என்றது.

நானாட்டான்காரியின் முதுகின் நட்டநடுவில் பந்து பட்டுத் தெறித்தது. தாழ்வுபாட்டுப் பக்கம் கத்திய கத்து மன்னார்க் கோட்டைக்குக் கேட்டிருக்கும். ராக்கம்மா பட்டவளை நோக்கித் தடுமாறி ஓடினாள்.

“நொந்துட்டுதா அம்மா? நொந்துட்டுதா?”

“இல்லை என்ரி! நல்ல எறி!” என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே மண்ணைத் தட்டிவிட்டுப் போனாள். பெற்றிசியா சொன்னதுபோல எறும்பு கடித்த மாதிரிக்கூட இல்லை.

அதற்குப் பிறகு மூன்று பேர். ஒருத்திக்குத் தோளில், ஒருத்திக்குத் தொடையில், கடைசியாள் குனிந்து தப்பப் பார்த்தபோது இடுப்பில். பந்து போன இடமெல்லாம் உடம்பு இருந்தது. தாழ்வுபாடு இரண்டு ஓட்டத்தால் வென்றது. அவளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஐயோ வலை என்று கத்திய பெண்ணே ஓடிவந்து கன்னத்தைத் தடவினாள். மதுஷிகா ஒற்றைக் காலில் துள்ளினாள்.

ராக்கம்மாவுக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. இவ்வளவு வயதுக்கு அவளை ஒருவரும் தூக்கியதில்லை, அவள் பேரைச் சொல்லி ஒரு கூட்டம் கத்தியதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் கிடந்த வலக்கையை அடிக்கடி பார்த்தாள். பந்து உடம்பில் பட்ட நேரம் கைக்குள் ஓடிவந்த ஒரு ருசி இன்னும் போகவில்லை. வீட்டில் அழகையா மீன்குழம்போடு காத்திருந்தார். சாப்பிடும்போதுகூட அந்த நாலு எறியையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப எறிந்துகொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை காணிக்குப் போனாள். காவலுக்கு அல்ல, சும்மா ஒரு பார்வை பார்க்க. வலை வேலி நாலு பக்கமும் விறைப்பாக நின்றது. ஆனால் மயில் என்ன மாடா, வேலியைக் கண்டு நின்றுவிட? நாலைந்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஒன்று பறந்து உள்ளே இறங்கிவிட்டது. நல்ல நீளத் தோகை உள்ள ஆண் மயில். நடுப்பாத்தியில் நின்று ஆறுதலாகக் கிளறிக்கொண்டிருந்தது.

கொட்டிலடியில் பழைய கற்குவியல் அப்படியே கிடந்தது. ராக்கம்மா குனிந்தாள், எடுத்தாள், வீசினாள். பதினைந்து வருடமாகச் செய்த வேலை, அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சத்தம் வேறுமாதிரி வந்தது.

கல் மண்ணில் விழுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. நேற்று மைதானத்தில் நாலு தரம் கேட்ட சத்தம். ஆனால் இது ரெனிஸ் பந்து இல்லை, கருங்கல். மயில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது.

ராக்கம்மாவின் எறிந்த கை எறிந்தபடியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அது தன் கைதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மயில் எழும்பியது. ஒரு சிறகு நிலத்தில் இழுபட, பறக்க எத்தனித்தது, முடியவில்லை. பயத்தில் நேரே ஓடிப்போய் வலையில் விழுந்தது. நண்டுக்குப் பின்னிய வலை. உதற உதறக் கழுத்தும் காலும் தோகையும் சேர்ந்து சிக்கின. அது அகவிய அகவலில்தான் ராக்கம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. “முருகா, முருகா” என்று கத்திக்கொண்டே ஓடினாள். சத்தம் கேட்டு அழகையாவும் அரிவாளோடு ஓடிவந்தார்.

“நாய் வந்திச்சா புள்ள?”

“நாந்தான்,” என்றாள் அவள். “நாந்தான் அடிச்சேன்.”

அழகையா அவளையே பார்த்தார். கட்டிய நாளிலிருந்து அவர் அறிந்த ராக்கம்மாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டவில்லை. பிறகு குந்தி, துணியால் மயிலின் தலையை மூடிப் பிடித்தார். அவள் அரிவாளை வாங்கி வலையை ஒவ்வொரு கண்ணாக அறுத்தாள். விட்டதும் மயில் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு அறுத்த ஓட்டைக்குள்ளால் புகுந்து, இடப்பக்கச் சிறகை மண்ணில் கோடாக இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போய் மறைந்தது. அந்தக் கோட்டை அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று பின்னேரம் பற்றை முழுதும் தேடியும் மயிலைக் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை ராக்கம்மா ஆளில்லாத வரம்பில் ஒரு தகரப் பேணியை வைத்துவிட்டுக் கல் எறிந்து பார்த்தாள். ஒரு சாண் தள்ளி எறிய வேண்டும் என்று நினைத்துத்தான் எறிந்தாள். பேணி உருண்டது. திரும்ப நிமிர்த்தி வைத்து எறிந்தாள். திரும்ப உருண்டது. பத்துத் தரம் எறிந்து பத்துத் தரமும் பட்டது. அவள் அந்த வரம்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

புதன்கிழமை பின்னேரம் இறுதிப் போட்டிக்குப் பழகக் கூட்டிப்போக பெற்றிசியா ஓட்டோவில் வந்தாள். ஒரு பை நிறைய நண்டும் கொண்டுவந்திருந்தாள். காணி வாசலில் வலை இரண்டும் சுருட்டிக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அழகையா கடைசி வேலித்தடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

“என்னக்கா இது? வலை ஏன் கழட்டிக் கிடக்கு?”

“அதில ஒரு இடத்தில அறுத்திட்டன் தங்கச்சி. பொத்தித் தரத் தெரியேல்லை.”

“வலை கிடக்கட்டும் அக்கா. இன்னும் ஒரு ஆட்டம்தான். ஒரே ஒரு ஞாயிறு. கிண்ணம் எங்கட கையில வந்த மாதிரித்தான். இனி நீங்கள் எறிஞ்சால் தப்பாது.”

“ஓம்,” என்றாள் ராக்கம்மா. “இனித் தப்பாது.”

நடந்ததைச் சொன்னாள். நிலத்தில் இழுபட்ட சிறகையும் சொன்னாள். பெற்றிசியா தொப்பியைக் கழற்றினாள். நண்டுப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

“கொஞ்ச நாளைக்குத்தானே அக்கா கேட்டனாங்கள். இரவலாத்தானே,” என்றாள் மெதுவாக.

“இரவல்னா வாங்குன மாதிரியே திருப்பிக் குடுக்கணும்ல?” ராக்கம்மா வலக்கையை அவளுக்கு முன்னால் நீட்டினாள். காய்ப்பேறிய உள்ளங்கை, விரித்த ஐந்து விரல். “வலையக் கொண்டு போங்க தங்கச்சி. எங் கையத் திருப்பிக் குடுத்துருங்க.”

பெற்றிசியா அந்தக் கையைப் பார்த்தபடி நின்றாள். அந்த நேரத்தில் காணியின் அந்தக் கோடியில் மூன்று மயில்கள் இறங்கின. ராக்கம்மா கற்குவியலின் பக்கம் திரும்பவே இல்லை. கொட்டிலில் கிடந்த தகரத்தையும் தடியையும் எடுத்துத் தட்டிக்கொண்டு, மூச்சிரைக்கப் பாத்திகளுக்கு நடுவால் ஓடினாள்.